குழலுக்கு மரமா, பிளாஸ்டிக்கா?

(புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, வீட்டு வரி ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயற்கை. இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் வேறு. நாதஸ்வரமும் புல்லாங்குழலும் போன்ற ஊதுகருவிகளை மரத்தினால் செய்வதா, பிளாஸ்டிக்கினால் செய்வதா என்பதே அது. இதற்கும் கிராம வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மரம் வளர்ப்பது, கைத்தொழிலைக் காப்பது, பிள்ளைகளுக்குக் கல்வி தருவது, கோயில் விழாவை நடத்துவது ஆகிய நான்கும் ஊராரின் பொறுப்பில் உள்ளவை. இந்த நான்கும் ஒரு நாதஸ்வரத்தில் வந்து கூடுகின்றன என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

நம் மாவட்டம் இசைக்குப் புதியதன்று. குடுமியான்மலைப் பாறையில் பொறிக்கப்பட்டுள்ள இசைக் கல்வெட்டை உலகெங்குமுள்ள அறிஞர்கள் ஆராய்கிறார்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவர்களையே சாரும். அத்தகைய மண்ணில், சில ஊர்த் திருவிழாக்களில் இப்போது நாம் காண்பது என்ன? சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்ளும் மின்சாரக் கருவி சந்நிதியில் நிற்கிறது. நாதஸ்வரம் ஒலிபெருக்கியின் வழியே பதிவு நாடாவாகவும் செல்பேசிப் பாட்டாகவும் வருகிறது. ஊதுகிறவரைக் காணோம். அவருடைய மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்கிறார்கள். இந்த நிலையை மனத்தில் வைத்துக்கொண்டே நம் கேள்விக்குள் நுழைவோம்.

நாதஸ்வரம் உருவாகும் விதம்

தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்திற்கு அருகில், நரசிங்கம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர் அது. 2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லி வேறோர் ஊரார் வாணிபம் செய்ய முடியாதவாறு சட்டத்தின் காவல் கிடைத்தது என்பது இதன் பொருள்.

நாதஸ்வரத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு. விரல் துளைகள் அமைந்த நீண்ட உடற்பகுதி உலவு எனப்படும். அடியில் விரிந்து நிற்பது அணசு. மேல் முனையில் செருகப்படும் சிறிய உலோகக் குழாய் கெண்டை. அதன்மேல் பொருத்தி வாயில் வைத்து ஊதுவது சீவாளி. சீவாளி காவிரிப் படுகையில் விளையும் கொறுக்கை என்னும் நாணல் வகையிலிருந்து செய்யப்படுகிறது. திருவாவடுதுறை சீவாளிக்குப் பேர்போன ஊர். உலவில் விரல் வைக்க 7 துளைகளும், அடிப்பக்கத்தில் சுருதியைத் திருத்துவதற்கென 5 துளைகளும் இருக்கும். பின்னவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரி செய்துகொள்வர்.

உலவுக்கு ஏற்றதென்று கைவினைஞர் தேர்ந்துகொண்ட மரம் ஆச்சா. வடநாட்டார் இதனை அஞ்சன் என்பர். இந்திய மரங்களுள் மிகக் கடினமும் கனமும் உடையவற்றில் ஒன்று இது. வயிரம் பாய்ந்த கட்டை நீரில் மிதக்காது, மூழ்கிவிடும். ஆனால் இன்று வெட்டிய மரத்தை நாளை கடைய முடியாது. பச்சை மரத்தில் உள்ள ஈரம் வற்றும்போது கட்டை சுருங்கும். நீளவாக்கில் அது அதிகம் சுருங்காது. குறுக்குவாக்கிலேதான் சுருங்கும். அதனால் வட்டமான துளை முட்டை வடிவாகிச் சுரம் பிசகிவிடும். சில வேளைகளில் கட்டையே பிளந்துவிடும். ஆகையால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்திரம், நிலை ஆகியவற்றைத் தேடி வாங்குகிறார்கள். எழுபது, நூறு ஆண்டுகள் கூரையின்கீழ் இருந்து ஈரமெல்லாம் வற்றிய மரம் இனிமேல் சுருங்குவதற்கு ஒன்றுமில்லை. அதனைத் துண்டு போட்டு, கடைசலில் பிடித்து உருட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட துறப்பணங்களைச் செலுத்தி, மேலே குறுகியும் கீழே விரிந்தும் செல்லும் துளையை அமைக்கிறார்கள். இதில் கை தவறினால் கட்டை விறகாகிவிடும்.

ஒலிப்பது எது?

இனி நம் முக்கியமான கேள்வி. நாதஸ்வரத்தில் ஒலிப்பது மரமா? நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். வீணையில் குடமும் பலகையும் அதிர்ந்து ஒலியைப் பரப்புகின்றன. அங்கே மரத்தின் குணம் ஒலியில் வெளிப்படும். ஊதுகருவியின் நிலை வேறு. அதில் ஒலிப்பது குழலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று.

பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கிப் பீப்பீ ஊதாத பிள்ளை நம் கிராமங்களில் உண்டா? அதே பீப்பீயைத் தென்னங்கீற்றிலும் பனையோலையிலும் செய்கிறார்கள். மேலே நசுங்கிய முனை சீவாளியின் வேலையைச் செய்கிறது. கீழே விரிந்த சுருள் உலவின் வேலையைச் செய்கிறது. சுருளை நீளமாகச் சுற்றினால் ஒலி கனக்கும். குட்டையாகச் சுற்றினால் கூர்மையாகும். இலை எந்த மரத்தின் இலை என்பது பெரிதன்று. நாதஸ்வரத்தின் தத்துவம் முழுவதும் அந்த இலைச் சுருளில் அடங்கியிருக்கிறது.

இதனை ஆராய்ச்சியாளரும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் கோல்ட்மன் என்பவர் 1971-ஆம் ஆண்டில் தம் சோதனையை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்றிலும் உட்துளை ஒரே அளவாக இருக்கும்படி குழல்களைச் செய்து, கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்கச் செய்தார். எது எந்தக் குழல் என்று கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உட்துளையின் வடிவம், அதன் வழவழப்பு, துளைகளின் இடமும் அளவும், விளிம்பின் கூர்மை ஆகியவையே நாதத்தை நிர்ணயிக்கின்றன. சீவாளி உள்ள கருவிகளில் சீவாளியின் பங்கு இவற்றைவிடவும் பெரியது.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சாட்சி கூறுகிறது. முற்காலத்தில் வழக்கிலிருந்தது திமிரி என்னும் குட்டையான, உச்ச சுருதி உள்ள நாதஸ்வரம். அதில் சுத்த மத்திமம் சரியாகப் பேசாது என்பது வித்துவான்களின் குறை. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) காலத்தில், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார் நீண்ட பாரி நாதஸ்வரத்தை அக்குறை நீங்கும்படி அமைத்தார். ராஜரத்தினம் பிள்ளை அதனை நாடறியச் செய்தார். ஆசாரியார் மரத்தை மாற்றவில்லை. அதே ஆச்சா மரத்தில் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றினார். பேசாத சுரம் பேசிற்று. மரத்தைவிட அளவே பெரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பிறநாட்டு அனுபவம்

அப்படியானால் பிளாஸ்டிக்கில் செய்யலாமே என்பீர்கள். செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ரெக்கார்டர் என்னும் சிறுகுழலைப் பேக்லைட்டில் வார்த்து விற்கத் தொடங்கினார்கள். அதன்பின் உலகின் பல நாடுகளில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கருவியாயிற்று. ஜப்பானில் தொடக்கப்பள்ளி மாணவர் கையிலெல்லாம் பிளாஸ்டிக் ரெக்கார்டரைக் காணலாம். கிளாரினெட் பயில்வோருக்கும் பிளாஸ்டிக், எபொனைட் ஆகியவற்றில் செய்த கருவிகள் கிடைக்கின்றன.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் ஸ்காட்லாந்து நாட்டின் பைக் குழல். காவல்துறை, ராணுவ அணிவகுப்புகளில் பையை அணைத்து ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் விரற்குழலும் நாதஸ்வரத்தைப் போலவே மேலே குறுகிக் கீழே விரியும் துளையும், இரட்டை நாக்குச் சீவாளியும் உடையது. கிழக்கு ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்த அக்குழல்களுக்குப் பக்கத்தில் இன்று பிளாஸ்டிக் குழல்களும் சமமாக இடம்பெற்றுள்ளன. பலர் ஒருங்கே வாசிக்கும் குழுக்களில் பெரும்பாலோர் பிளாஸ்டிக்கையே விரும்புகிறார்கள். எல்லாக் குழல்களும் ஒரே அச்சில் ஒத்திருப்பதால் சுருதி சேர்ப்பது எளிது என்பது காரணம். பயில்வோர் முதலில் வாங்குவது பிளாஸ்டிக் பயிற்சிக் குழல்தான்.

மரத்தின் தட்டுப்பாடும் இதற்கு ஒரு காரணம். ஈட்டி இனத்து மரங்கள் அனைத்தையும் நாடு கடந்து விற்பதற்கு 2017-ஆம் ஆண்டு முதல் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் தளர்வு அளிக்கப்பட்டது. பிரான்சிலுள்ள பஃபே கிராம்போன் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் கருமரத்தின் தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தி கிளாரினெட் செய்கிறது. அதுவரை வீணாகப் போன தூள் கருவியாகிறது.

நம் ஊரிலும் இத்தகைய மாற்றம் நடந்தே இருக்கிறது. கஞ்சிராவின் பலா வளையத்தில் உடும்புத் தோலைப் போர்த்துவது வழக்கம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடும்பைப் பிடிப்பது குற்றம். ஆகவே இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வழக்கில் வந்திருக்கின்றன. கஞ்சிரா அதனால் அழிந்துவிடவில்லை.

பிளாஸ்டிக்கின் குறைகள்

இவ்வளவு சொன்னதால் நாளைக்கே பிளாஸ்டிக் நாதஸ்வரம் செய்துவிடலாம் என்று எண்ணற்க. புல்லாங்குழலின் துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். நம் பம்புசெட்டுக்குப் போடும் பி.வி.சி. குழாயும் அப்படியே. ஆகையால் குழாயை அறுத்து, கணக்குப்படி துளையிட்டால் பயிற்சிக் குழல் கிடைத்துவிடும். நாதஸ்வரத்தின் துளை விரிந்து செல்வது. அதைக் குழாயிலிருந்து பெற முடியாது. வார்ப்பு அச்சு செய்ய வேண்டும், அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் தண்டைக் கடைந்தெடுக்க வேண்டும். அச்சுக்கு ஆகும் செலவு பெரிது. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். ஆசாரியாரோ வாசிப்பவரின் சுருதிக்கும் விரலுக்கும் ஏற்பத் தனித்தனியே செய்து கொடுக்கிறார். அந்த நயம் அச்சில் வாராது.

வெப்பம் இன்னொரு கேள்வி. பிளாஸ்டிக் வெயிலில் நீண்டு சுருதி கெடும் என்பர். உண்மையில் 1 மீட்டர் பி.வி.சி. குழாய் 10 டிகிரி சூடேறினால் நீள்வது 1 மில்லி மீட்டருக்கும் குறைவு. ஆனால் குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிவிடும். இது மரக்குழலுக்கும் பொது. எனவே நீளும் குறை சிறியது. எனினும் பி.வி.சி. 80 டிகிரி அளவில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் தகரக் கூரையின்மேலும் போட்டு வைத்தால் குழல் வளைந்துபோகக் கூடும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பி.வி.சி. குழாய்களில் ஈயம் கலந்த பொருள்களைச் சேர்ப்பதுண்டு. இதனைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல் விதிகள் வெளியிட்டது. ஆகவே குப்பையில் கிடக்கும் பழைய குழாய்த் துண்டையும் மின்கம்பி செல்லும் குழாயையும் குழந்தை வாயில் வைக்கலாகாது. குடிநீருக்கென்று தரச்சான்று பெற்ற புதுக்குழாயையே பயன்படுத்த வேண்டும். உடைந்த குழலை அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது. பி.வி.சி. எரிந்தால் நெஞ்சை அரிக்கும் அமில வாயு வெளிவரும். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டது ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கேயன்றி, பல ஆண்டு உழைக்கும் பொருளன்று. ஆயினும் எறியும் இடமறிந்து எறிவது நம் கடமை.

முடிவு என்ன?

ஆக, நாம் சொல்வது இதுதான். பயில்வோருக்குப் பிளாஸ்டிக் போதும். சந்நிதிக்கும் மேடைக்கும் மரம் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையன்று. நல்ல நாதஸ்வரத்தின் விலை பல ஆயிரம் ரூபாய். கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, சுருதி ஞானம் இருக்கிறதா என்று அறிவதற்கு முன்பே அவ்வளவு பணம் போட எந்தத் தகப்பனாலும் ஆகாது. சிறு செலவில் ஒரு குழல் கிடைத்தால் பத்துப் பிள்ளைகள் தொடுவார்கள். பத்தில் இருவர் தேறினால் அவ்விருவர் நாளை ஆசாரியாரிடம் மரக் கருவி கேட்டு வருவார்கள். பயில்வோர் இல்லாமற்போனால், புவிசார் குறியீடு இருந்தும் பட்டறையை மூட வேண்டியதுதான். கைவினைஞரின் பட்டறையைக் கெடுப்பது பிளாஸ்டிக் என்று நாம் அஞ்சுகிறோம். உண்மையில் அதைக் கெடுப்பது வாசிக்க ஆளில்லாமை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவது, பழைய மரத்தைக் காத்தல். நம் மாவட்டத்தில் இராயவரம், கோனாப்பட்டு, கடியாபட்டி முதலிய செட்டிநாட்டு ஊர்களிலும், பிற ஊர்களின் பெரிய வீடுகளிலும் பழைய மரங்கள் உள்ளன. வீடு பிரிக்கும்போது துண்டு துணுக்குகள் விறகுக்கடைக்குப் போகின்றன. நாதஸ்வரத்தின் உலவுக்கு வேண்டுவது மூன்றடி நீளமுள்ள ஒரு கட்டை. அது கனமான கறுத்த மரமாயிருந்தால் கடைசல் தொழிலாளியிடம் காட்டிவிட்டு விற்குமாறு உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவருக்கும் விறகு விலையைவிட நல்ல விலை கிடைக்கும்.

இரண்டாவது, ஆச்சா நடுதல். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் பலாவும் மாவும் தென்னையும் சாய்ந்த காட்சி இன்னும் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. மறுபடி நடும்போது எல்லாவற்றையும் ஒரே மரமாக நடலாகாது என்னும் பாடத்தை அப்புயல் கற்பித்தது. ஆச்சா வறண்ட மண்ணையும் குறைந்த மழையையும் தாங்கும். தழை கால்நடைத் தீவனமாகும். பட்டையின் நார் கயிறாகும். ஆணிவேர் ஆழமாக இறங்குவது. ஆகையால் விதையை நேராக ஊன்றுவது, அல்லது ஆழமான பையில் வளர்த்து வேர் அறாமல் நடுவது நன்று. மெதுவாக வளரும் மரம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். இன்று நடுகிறவர் அதன் கட்டையில் நாதம் கேட்கப் போவதில்லை. பனங்கொட்டை ஊன்றிய நம் பாட்டன்மார் நுங்கு வெட்டுவது யார் என்று கணக்குப் பார்த்தா ஊன்றினார்கள்? கண்மாய்க்கரை ஓரங்களிலும், கோயில் காடுகளின் விளிம்பிலும், புறம்போக்கிலும், ஊருக்குப் பத்து மரம் நின்றால் போதும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு வாய்ப்பு. புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. அங்கே நாதஸ்வரமும் தவிலும் கற்பிக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அங்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டிருக்கிறோம்? ஊர்ப்பள்ளியில் பிளாஸ்டிக் குழல்களில் விடுமுறைக்கால வகுப்பொன்றை நடத்தி, தேர்ந்த பிள்ளைகளை அங்கு அனுப்ப ஊரார் முன்வரலாம். நாதஸ்வரம் இன்ன சாதியாருக்கு மட்டும் உரியது என்னும் எண்ணமும் ஒழிய வேண்டும். காற்றுக்குச் சாதி ஏது? பெண்பிள்ளைகளும் கற்கட்டும்.

நான்காவது, வாசிப்பவருக்கு ஊதியம். இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. வாண வேடிக்கைக்கும் வண்ண விளக்குக்கும் தாராளமாகச் செலவிடும் விழாக் குழு, மேளக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகிறது. ஆண்டு முழுவதும் சாதகம் செய்தவருக்கு விழாவில் இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளையும் மின்முரசுக்குக் கொடுத்துவிட்டு, கலை அழிகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை. வரும் கிராம சபைக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். நம் ஊர் விழாவில் ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலுமாவது நேரில் ஒலிக்க வேண்டும், அவர்களுக்கு உரிய ஊதியம் முன்னதாகவே நிச்சயிக்கப்பட வேண்டும் என்று ஊரார் கூடி முடிவு செய்யுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை. ஊராரின் மனம் போதும்.

பெரியோர்களே! குழல் மரமாயினும் பிளாஸ்டிக்காயினும் உள்ளிருப்பது வெறுங்காற்று. அதை நாதமாக்குவது ஒரு மனிதனின் மூச்சும் விரலும் பல்லாண்டுப் பயிற்சியும். அந்த மனிதன் நம் ஊரில் தங்கி வாழ வழி செய்தால் மரமும் வளரும், பட்டறையும் நடக்கும், சந்நிதியும் ஒலிக்கும். அவ்வழியைச் செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு இவ்வுரையை முடித்துக்கொள்கிறோம்.